சின்ன டர்போ போதும் என்ற பச்சையம்மாள்

பின்கட்டில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் எங்கள் பழைய மாணவர் சிவக்குமார் பேசினார்.

"சார், நம்ம மேடம் போய்ட்டாங்க சார்."

எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சியில் நாங்கள் வேலை பார்த்த தனியார் பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறையில் இருந்தது ஒரே ஒரு மேடம். கரியாலூர் பச்சையம்மாள். காலையில் வாசலைக் கூட்டிவிட்டு வந்து, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கரியாலூர் மலைக்குப் போனேன். ஊர் முகப்பில் பேனர் கட்டியிருந்தார்கள். நன்றாகச் சிரிக்கிற படம். அதற்குக் கீழே, "அமைதியின் உருவமே, பொறுமையின் சிகரமே, அதிர்ந்து பேசாத அன்பே" என்று எழுதியிருந்தது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அழுகை அதற்கு அப்புறம்தான்.

அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அந்த பேனரை நம்பாதீர்கள். பச்சையம்மாள் அதிர்ந்து பேசினார். பொறுமை அவருக்குச் சுத்தமாகக் கிடையாது. பணியில் இருந்த காலம் முழுக்க யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் நியாயம் அவர் பக்கம் இருந்தது. மீதியில் தோற்றபோது, தோற்றேன் என்று சொல்லிவிட்டு அடுத்த சண்டைக்குப் போனார். அமைதியானவர் என்று சொல்லி அவரை அடக்கம் செய்ய நான் விடமாட்டேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் அதே துறையில் விரிவுரையாளர். எங்கள் துறைத் தலைவர் வெளியூர்க்காரர், பாடம் நன்றாக நடத்துவார், வெப்பவியலில் அவரை மிஞ்ச அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை. அவர் பச்சையம்மாளை ஆசிரியர் அறைக்கு அழைத்து வந்து, "இவங்க மலையிலேர்ந்து வர்றாங்க. பழங்குடி கோட்டாவில் இன்ஜினியரிங் முடிச்சவங்க. நாமதான் கொஞ்சம் பார்த்துக்கணும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, நல்ல எண்ணத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பச்சையம்மாள் கைப்பையை மேசையில் வைத்தார். "ஆமாங்க சார், சீட்டு கோட்டாவிலதான் வாங்கினேன். பரீட்சையில கோட்டா இல்லீங்க. அங்க எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தான் குடுத்தாங்க" என்றார். குரலில் வருத்தம் இல்லை, நடுக்கம் இல்லை. விலாசம் சொல்வதைப் போலச் சொன்னார். அவர் உட்கார இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் முழுக்க மறியல். சாலையோரப் புளியமரங்களை அறுத்து ரோட்டில் சாய்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். கச்சிராயப்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் கூட்டம் போட்டார்கள். அங்கே எங்கள் கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் ராமலிங்கம் அந்தக் கூட்டங்களுக்கு முன்வரிசை ஆள். வேலை நாளில் பஸ் ஓடுமா ஓடாதா என்று எழுந்ததும் விசாரிக்க வேண்டிய நிலை.

பச்சையம்மாளால் தினமும் மலையிலிருந்து இறங்கி வர முடியாது. வாரம் முழுக்கக் கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை சடையன் என்பவரின் ஜீப்பில் ஏறி ஊருக்குப் போவார். சடையன் கரியாலூர்க்காரர். கடுக்காய், புளி, பலாப்பழம், ஆட்கள் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மலைக்கும் அடிவாரத்துக்கும் ஓட்டுவார். பழைய டீசல் எஞ்சின். பாரம் இருந்தால் ஏற்றத்தில் திணறும். ஒரு செங்குத்தான வளைவில் எல்லோரும் இறங்கி நடந்தே ஆக வேண்டும். அந்த இடத்துக்கே எறங்கு வளைவு என்று பெயர் வந்துவிட்டது. மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அங்கே வழுக்கி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் பச்சையம்மாள் திங்கட்கிழமை துறைக்கு வந்து, "இந்த வண்டிக்கு டர்போ போடலாம் சார். பசங்களுக்கு ப்ராஜெக்டாவும் ஆச்சு" என்றார்.

டர்போ அப்போது எங்களுக்கு எல்லாம் புத்தகத்தில் பார்த்த பொருள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று ஜாஸ்தி போனால் டீசல் ஜாஸ்தி எரியும், இழுவை கூடும். அவ்வளவுதான். துறைத் தலைவருக்கும் யோசனை பிடித்திருந்தது. சேலத்தில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி ஒரு லாரி டர்போவை வரவழைத்துவிட்டார். பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. மாணவர்கள் அதை மேசையில் வைத்துச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இது ரொம்பப் பெரிசு சார்" என்றார் பச்சையம்மாள்.

"பெரிசா இருந்தா நல்லதுதானே? பவர் ஜாஸ்தி கிடைக்கும்."

"எங்க கிடைக்கும்னு பாக்கணுமில்ல?"

கரும்பலகைக்குப் போனார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சடையன் வண்டி எஞ்சின் ஏறக்குறைய இரண்டு லிட்டர் என்று எழுதினார். மலை ஏறும்போது அது நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் போவதில்லை என்று எழுதினார். "ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் இந்த ரெண்டு லிட்டரும் உள்ள போய் வெளிய வருது. அப்ப நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு லிட்டர் மூச்சு. அந்த லாரி எஞ்சின் ஆறு லிட்டர். அதே சுத்துல அது மூணு பங்கு மூச்சு விடுது. அந்த மூச்சுக்குச் செஞ்ச சக்கரம் இது. நம்ம வண்டி ஊதினா இது திரும்பிப் பாக்குமா?" என்று மாணவர்களைக் கேட்டார். பிறகு சொன்ன ஒரு வாக்கியத்தை அவரிடம் படித்த எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "எல்லா ரோட்டுக்கும் சரியான சைஸுன்னு ஒண்ணு கிடையாது. எந்த இடத்துல இழுவ வேணும், அதுக்காக எத விட்டுக்குடுப்போம், இந்த ரெண்டையும் முடிவு பண்ணிட்டு அப்புறம் கடைக்குப் போங்க."

துறைத் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. செய்தே பார்க்கலாம் என்றார். பெரிய டர்போவையே பொருத்தினோம். சேலம் போகும் நேர் ரோட்டில் காலி வண்டியை முடுக்கிக்கொண்டு போனபோது, வெகுநேரம் கழித்து விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வண்டி கொஞ்சம் முன்னே பாய்ந்தது. மாணவர்கள் கை தட்டினார்கள். மறுநாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். விசில் வரவே இல்லை. கறுப்புப் புகைதான் வந்தது. எறங்கு வளைவுக்கு முன்பே, வழக்கமாக இறங்காத இடத்திலேயே, எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ஒரு கிழவர் சடையனைப் பார்த்து, "இன்னாடா, காசு குடுத்து வண்டிய கெடுத்து வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு முன்னால் போனார்.

சின்ன டர்போ இங்கே கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் வெளிநாட்டு வண்டி உடைக்கிற கடைகளில் தேடலாம் என்று நானும் அவரும் பஸ் ஏறினோம். கடை கடையாக அலைந்து, கடைசியில் ஒரு ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய டர்போ ஒன்று அகப்பட்டது. உள்ளங்கையில் நிற்கிற மாதிரி இருந்தது. கடைக்காரர் சிரித்தார். "இது பொம்ம மாதிரி கீது சார். எல்லாரும் லாரிதுதான் கேப்பாங்க. வூட்டம்மா இன்னாவோ சொல்றாங்கன்னு இத வாங்கினு போய் அப்புறம் வருத்தப்படாதீங்க" என்று என்னிடம் சொன்னார்.

பச்சையம்மாள் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். "நான் இவரு வூட்டம்மா இல்ல. கூட வேல பாக்கறேன். வாங்கறது நானு. எங்கிட்ட பேசுங்க" என்றார். தரையில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் புகை நுழைகிற வாயையும் அளந்தார். தண்டைப் பிடித்து அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். விரலால் சுண்டிவிட்டுச் சக்கரம் நிற்கும்வரை காதை வைத்துக் கேட்டார். கடைக்காரருக்கு அதன்பின் சிரிப்பு வரவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். இவர் அதில் உட்காரவில்லை.

வாங்கிவந்து பொருத்தினோம். டீசல் பம்பை அவர் கொஞ்சம் கூட்டி வைத்தார். துறைத் தலைவர் பக்கத்தில் நின்று, "இது டர்போவுக்குச் செய்த எஞ்சின் இல்லம்மா. இவ்வளவு அழுத்தம் தாங்காது. டீசலைக் குறை" என்றார். பச்சையம்மாள் கேட்கவில்லை. அடிவாரத்தைத் தாண்டி வண்டி அருமையாக ஏறியது. சடையன் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். எறங்கு வளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் டப்பென்று ஒரு சத்தம். எஞ்சின் மண்டைக்கு அடியில் அழுத்தம் கசியாமல் காக்கிற தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது. தண்ணீரும் எண்ணெயும் கலந்து வழிந்தது. வண்டியை மாடு கட்டி இழுத்து வந்தோம்.

மறுநாள் பச்சையம்மாள் எல்லா மாணவர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார். துறைத் தலைவரும் இருந்தார். "எஞ்சின் தாங்காது, டீசலைக் கொறைன்னு சார் சொன்னாரு. நான் கேக்கல. சார் சொன்னதுதான் சரி. கேஸ்கெட் போனது என்னால" என்றார். துறைத் தலைவர் முகம் மலர்ந்தது. "அப்ப பழைய டர்போவையே..." என்று தொடங்கினார்.

"இல்லீங்க சார். டீசலும் அழுத்தமும்தான் தப்பு. சைஸ் சரி. சைஸ மாத்த மாட்டேன்."

இதைத்தான் நீங்கள் எல்லோரும் திமிர் என்று சொன்னீர்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை, எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஓர் ஆள் தோற்று நான் பார்த்ததில்லை.

கேஸ்கெட்டை மாற்றி, அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் புகையை வேறு வழியாக வெளியே விடுகிற வால்வைச் சரிசெய்து, டீசலைக் குறைத்து, சூடு காட்டுகிற மீட்டர் ஒன்றைப் புகைக்குழாயில் வைத்தோம். அந்த வேலை நடந்துகொண்டிருந்த நாளில்தான் என் அண்ணன் பாலிடெக்னிக்குக்கு வந்தார். மறியலுக்கு என்னையும் கூப்பிடத்தான் வந்திருந்தார். நான் பதில் சொல்வதற்குள் துறைத் தலைவர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஆளாளுக்கு ஒதுக்கீடு கேட்டா, தகுதின்னு ஒண்ணு எங்க போறது?" என்றார். அண்ணன் எட்டாவதோடு நின்றவர். ஊர்க் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிற மனிதர், அங்கே, கோட்டு போட்ட ஒருவர் எதிரில், தலை குனிந்து நின்றார்.

ஜீப்புக்கு அடியிலிருந்து பச்சையம்மாள் வெளியே வந்தார். முழங்கைவரை கிரீஸ்.

"எதுக்குண்ணே தலைய குனியறீங்க? கேக்கறதுல இன்னா வெக்கம்? நான் கேக்காமயே எனக்கு எழுதி வச்சிருந்தாங்க, நான் வாங்கிக்கினேன். நீங்க கேட்டு வாங்கப் போறீங்க. நிமிந்து நின்னு கேளுங்க" என்றார். பிறகு துறைத் தலைவரைப் பார்த்து, "தகுதி இல்லாதவதான் சார் இந்த எஞ்சின இறக்கி ஏத்திக்கினு இருக்கேன்" என்றார்.

அண்ணனுக்கு முகம் மாறியது. உற்சாகத்தில், "நாளைக்கு கச்சிராயப்பாளையம் ரோட்ட மறிக்கிறோம்மா. ஒரு வண்டி போவாது. மரத்த சாய்க்கப் போறோம்" என்றார்.

"அது தப்புண்ணே."

"இன்னாது?"

"மரம் வெட்டறது தப்பு. அந்த ஒரு ரோட்டுலதான் எங்க சனம் ஆஸ்பத்திரிக்கு வருது."

"கேட்டுப் பாத்தாச்சு, மனு குடுத்தாச்சு. யாரும் காதுல வாங்கல. வேற இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லண்ணே. ஆனா மரம் வெட்டறது தப்பு."

"பதில் இல்லன்னா பேசாத இரும்மா" என்று சொல்லிவிட்டு அண்ணன் விடுவிடுவென்று போய்விட்டார். பச்சையம்மாள் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஜீப்புக்கு அடியில் போய்விட்டார்.

மறியல் ஒரு நாளோடு முடியவில்லை. கல்லூரியை மூடினார்கள். நான் ஊருக்குப் போய்விட்டேன். வேலை முடிந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு சடையனும் பச்சையம்மாளும் மலைக்குப் புறப்பட்டு, வழியில் மரம் இல்லாத சந்துகளாகப் பார்த்துப் புகுந்து, கச்சிராயப்பாளையம்வரை வந்து, மழைக்கு அங்கே ஒதுங்கியிருந்தார்கள். அவர்கள் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

அன்று காலை எங்கள் ஊர்ப் பக்கத்து ரோட்டில் ஒரு பெரிய புளியமரத்தை அறுத்தார்கள். மரம் அவர்கள் நினைத்த பக்கம் சாயவில்லை. அண்ணன் விலகி ஓடுவதற்குள் ஒரு கிளை அவர் காலின் மேல் விழுந்தது. நான் போனபோது கிளையை அறுத்து அவரை வெளியே எடுத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. துண்டால் இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரு ரோடுதான். அதில் அடுத்தடுத்து எத்தனை மரங்கள் கிடக்கின்றன என்று அவற்றைச் சாய்த்தவர்களுக்கே தெரியவில்லை. ஒரு கயிற்றுக்கட்டிலில் போட்டுக் கச்சிராயப்பாளையம்வரை தூக்கி வந்தோம். அங்கே டாக்டர் இல்லை. அவரும் மறியலில் எங்கோ மாட்டியிருந்தார்.

அங்கேதான் ஜீப்பைப் பார்த்தேன். அது புகுந்து வந்த சந்துகளிலும் அதற்குள் மரங்கள் விழுந்துவிட்டன. பச்சையம்மாள் இறங்கி வந்து அண்ணன் காலைப் பார்த்தார். சடையனிடம், "மலைமேல ஏறி மேற்கால கருமந்துறை பக்கம் எறங்கினா ஆத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்றார்.

"மேற்கால இன்னும் மறிக்கலன்னு பால்காரன் சொன்னான். ஆனா இத்தினி பேரு, கட்டில், இந்த மழ..." சடையன் இழுத்தார். "கேஸ்கெட் மாத்தின பொறவு பாரத்தோட இன்னும் ஒருவாட்டிகூட ஏத்திப் பாக்கலயேம்மா."

"இப்ப பாத்துடலாம்."

கட்டிலைச் சாய்த்து உள்ளே வைத்தோம். அண்ணனைப் பிடித்துக்கொள்ள நானும் இன்னும் மூன்று பேரும் ஏறினோம். முன்னால் சடையனுக்குப் பக்கத்தில் பச்சையம்மாள், மீட்டரைப் பார்த்துக்கொண்டு. ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது கியரிலேயே, எஞ்சின் மெல்லச் சுற்றும்போதே, அந்த விசில் கேட்டது. சன்னமாக, விட்டுப்போகாமல். சேற்றில் சக்கரம் இரண்டு முறை வழுக்கியது. வண்டி நிற்கவில்லை. எறங்கு வளைவு வந்ததும் பழக்கதோஷத்தில் பின்னால் இருந்த ஒருவர் காலை வெளியே போட்டார்.

"யாரும் எறங்க வேணாம்" என்றார் பச்சையம்மாள், திரும்பிப் பார்க்காமல். "சடையண்ணே, மிதிக்காதீங்க. இப்டியே விடுங்க. அது இழுக்கும்."

இழுத்தது. வளைவின் மேல்முனையில் வண்டி ஏறி நிமிர்ந்தபோது சடையன் வாய்விட்டு ஏதோ சாமி பேரைச் சொன்னார். நான் பச்சையம்மாளைப் பார்த்தேன். அவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கேஸ்கெட்டை நினைத்து எவ்வளவு பயந்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணனுக்கு நினைவு இருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "வழிய அடச்சவன் நானு. திட்டணும்னா திட்டிடும்மா" என்றார்.

"திட்ட இப்ப நேரம் இல்ல. கால் சரியாவட்டும், வந்து திட்றேன். நீங்க கேக்கறத வுடாதீங்க. மரத்த மட்டும் வுடுங்க."

மலை இறங்கிச் சமதளத்துக்கு வந்ததும்தான் சோதனை. நல்ல தார் ரோடு, காலியான ரோடு. சடையன் அழுத்தி மிதித்தார். மீட்டர் முள் விறுவிறுவென ஏறியது. சின்ன டர்போ வேகத்தில் மூச்சு முட்டும், புகை போக வழி போதாமல் எஞ்சின் சூடாகும். பச்சையம்மாள் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. "ரத்தம் போய்க்கினே இருக்கு மேடம், வேகமா போகச் சொல்லுங்க" என்று கத்தினேன். "போனா நடுவழியில நின்னுடும் சார். மலைக்காக இத விட்டுக்குடுத்தோம். பொறுத்துக்குங்க" என்றார். சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம் என்று சொல்லும்படியாக அந்த நேர் ரோட்டில் போனோம். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ரோடு இல்லை.

ஆத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. சடையன் சாவியைத் திருப்பப் போனார். அண்ணன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த பச்சையம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "உடனே ஆஃப் பண்ணாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். சக்கரம் இன்னும் சுத்திக்கினு இருக்கும், எண்ணெ நின்னா தண்டு போயிடும்."

கால் பிழைத்தது. கொஞ்சம் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். அண்ணன் சாகும்வரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். பச்சையம்மாள் சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரிக்கு வந்து, என் அண்ணி எதிரிலேயே அவரைத் திட்டித் தீர்த்தார். அண்ணன் கேட்டுக்கொண்டார். பிறகு அண்ணனே ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், பச்சையம்மாள் தின்றார். ஒதுக்கீடும் பின்னால் வந்தது. அண்ணன் மகன் அதில்தான் படித்தான். சேர்ந்த அன்று அவனைப் பச்சையம்மாளிடம் கூட்டிப்போய் நிறுத்தினார் அண்ணன். "கோட்டாவில வந்தவன்னு யாராவது சொன்னா இல்லன்னு சொல்லாத. ஆமான்னு சொல்லிட்டு வேலையப் பாரு" என்று பச்சையம்மாள் அவனுக்குச் சொன்னார்.

துறைத் தலைவர் கடைசிவரை அந்த ஜீப்பில் ஏறவில்லை. அவர் வேறு ஊர்க் கல்லூரிக்கு வேலை மாறிப் போன நாளில் நடந்த பிரிவு உபசாரத்தில், கேஸ்கெட் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று பச்சையம்மாள் மறுபடியும் எல்லோர் முன்பும் சொன்னார். பதிலுக்கு டர்போ சைஸைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பச்சையம்மாள் அதைப் பற்றி அப்புறம் பேசியதும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் கார் வைத்திருக்கிற பையன்கள் அவரைத் தேடி மலைக்குப் போவார்களாம். பெரிய டர்போ போட ஆசை. யார் வந்தாலும் முதல் கேள்வி, "எந்த ரோட்டுல ஓட்டப் போற?" என்பதுதான். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இந்த மனுஷியைத்தான் பொறுமையின் சிகரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் சொல்வதில் சரியானதை முதலில் வாய்விட்டு ஒப்புக்கொள்வது. மிச்சத்தில் ஓர் அங்குலமும் நகராமல் நிற்பது. எனக்கு இது பிறவியில் வந்ததில்லை, அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்து வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் மலைக்குப் போய்வருகிற பஸ் இதுவரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று போகும். நெரிசலாகிறது என்று நிறுத்தத்தைத் தூரத்துக்கு மாற்றப் பலகை கொண்டுவந்தார்கள். மலையிலிருந்து வருகிற நோயாளிகள் அங்கிருந்து நடந்தே வர வேண்டும். பச்சையம்மாளைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் நான் போய் அந்த வாசலில் நின்றேன். பலகையோடு வந்த அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, இங்க நெரிசல் ஆகுது. உங்களுக்கும் வயசாயிடுச்சு. வெயில்ல நிக்காதீங்க, வூட்டுக்குப் போங்க" என்றார்.

"நெரிசல் ஆகுறது வாஸ்தவம்தான் தம்பி. எனக்கு வயசானதும் வாஸ்தவம்தான்" என்றேன். "பஸ் இங்கதான் நிக்கணும்."

பலகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடியும் கொண்டுவருவார்கள் என்று தெரியும். நாளைக்கும் போவேன்.